பெட்டிக்கு வாரிசு

என் பெரியப்பா போன வருடம் ஆடி மாதம் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு அண்ணன் என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கட்டிலுக்கு அடியில் இருந்து மூன்று டிரங்குப் பெட்டிகளை இழுத்துப் போட்டார்.

"இதுக்கு ஒரு வழி சொல்லு தம்பி. நீதான அவரோட காடு கரையெல்லாம் சுத்துனவன்."

பெரியப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் இருக்கிற ஊர்களிலேயே முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். இந்தப் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். பார்த்த இடமெல்லாம் மானாவாரிப் புஞ்சை, சீமைக்கருவேலங்காடு, வருடத்தில் பத்து மாதம் வறண்டு கிடக்கிற கண்மாய்கள். குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்த்த நாட்கள்தான் அதிகம். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்து நின்றால் கரிசல் மண் கழுவப்பட்டு உள்ளே கிடந்தது மேலே வரும். அன்றைக்குப் பெரியப்பா மஞ்சள் பையோடு கிளம்பிவிடுவார். லீவு நாள் என்றால் நானும் கூடப் போவேன். குனிந்து குனிந்து நடப்போம். கறுப்பு சிவப்புப் பானை ஓடு, சங்கு வளையல் துண்டு, சுடுமண் பாசி, எப்போதாவது ஒரு கல்மணி. மற்றவர்கள் மல்லிச்செடி முளைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போகும் காட்டில் நாங்கள் இரண்டு பேரும் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி அலைவோம்.

பெட்டியைத் திறந்தோம். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் பாசிமணிகள். தீப்பெட்டிகளில் காசுகள். வேட்டித் துணியில் சுற்றிய ஆறு ஏட்டுக் கட்டுகள். மூன்றாவது பெட்டி முழுக்க ஓட்டாஞ்சில்லு. எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு நீளக் கணக்கு நோட்டுகள்.

அண்ணன் ஏற்கெனவே ஒருவரை வரச்சொல்லிக் காட்டியிருந்தார். காரைக்குடிப் பக்கத்துப் பழம்பொருள் வியாபாரி. அவர் காசையும் ஏட்டையும் எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு விலை சொல்லியிருக்கிறார். "ஓட்டையெல்லாம் யாருண்ணே வாங்குவா, அத நீங்களே வச்சுக்கோங்க" என்றாராம். நோட்டுகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

நான் உடனே சொன்னேன்: "மியூசியத்துக்குக் குடுத்துருவோம்ணே."

அண்ணன் சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "அப்பா குடுத்தாரே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு முறை பெரியப்பா, தான் சேர்த்ததில் நல்லதாகப் பார்த்து ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு ஒரு அரசு அருங்காட்சியகத்துக்குப் போனார். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, எந்தப் புஞ்சையில், எந்தக் கண்மாய்க் கரையில், எந்தத் தேதியில் எடுத்தது என்று நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர் பொருளை வாங்கிக்கொண்டு, "பழைய மண்பாண்டத் துண்டுகள், பாசிகள் - 1 பை" என்று ரசீது எழுதிக் கொடுத்தார். அந்த நான்கு பக்கத்தை "இது எதுக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏழெட்டு வருடம் கழித்துப் பெரியப்பா போய்க் கேட்டபோது அந்தப் பை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தவர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அதற்கப்புறம் அவர் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை.

கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு அன்றைக்கு எங்களுக்குள் நடந்த வாக்குவாதம், நாங்கள் நினைத்ததைவிடப் பழையது. பழம்பொருளைக் காப்பாற்றத் தகுதியானவர் யார்? அதை நேசித்துத் தேடிச் சேர்த்த தனிமனிதரா? எல்லோருக்கும் பொதுவான நிறுவனமா?

*

முதலில் தனிமனிதர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் அந்த நியாயம் மிகவும் வலுவானது.

சங்க இலக்கியத்தில் பெரும்பகுதி இன்று நம் கையில் இருக்கிறது என்றால், அதற்கு ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்த சிலர்தான் காரணம். உ.வே. சாமிநாதையர் போன இடங்களில் பல வீடுகளில் சுவடிகளைச் செல் அரித்திருந்தது. சில வீடுகளில் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். எந்த அரசுத் துறையும் அவரை அனுப்பவில்லை. 1942இல் அவர் மறைந்த பிறகுதான், அடுத்த ஆண்டு, அவர் பெயரில் சென்னையில் நூல்நிலையம் வந்தது.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், பாட்டுப் புத்தகங்கள் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் தன் வீட்டில் சேர்த்தார். பெரிய நூலகங்கள் குஜிலிப் பதிப்புகளை இலக்கியமாகவே மதிக்காத காலத்தில் அவர் அவற்றுக்கு அலமாரி கொடுத்தார். அவருக்குப் பட்டமோ பதவியோ கிடையாது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுத நினைக்கும் யாரும் அவர் சேர்த்ததைத் தொடாமல் எழுத முடியாது.

புதுக்கோட்டையில் கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி உருவாக்கிய ஞானாலயாவும் இந்த வரிசையில் வருவதுதான். வீட்டுச் சம்பளப் பணம் புத்தகமாக மாறிய கதை.

இதில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. எது நாளைக்கு மதிப்புள்ளதாகும் என்று நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரியாது. நிறுவனம் ஏற்கெனவே மதிப்புப் பெற்றதைத்தான் வாங்கும். அதற்கு விதி வேண்டும், குழு வேண்டும், நிதி ஒதுக்கீடு வேண்டும். தனிமனிதருக்கு ஒரு பைத்தியம் போதும். எங்கள் பெரியம்மா அப்படித்தான் சொல்லுவார்: "ஊருல எல்லாரும் மண்ணுல இருந்து வெள்ளாமை எடுப்பாக. இவரு மட்டும் ஓடு எடுப்பாரு." வேம்பக்கோட்டையில் 2022இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கி, சங்கு வளையல்களும் மணிகளும் செய்தித்தாளில் வர ஆரம்பித்த பிறகுதான் ஊரில் அவரைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்கள். அப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது.

*

ஆனால் அண்ணன் வைத்த கேள்வி வேறு. சேர்த்தவருக்குப் பைத்தியம் இருந்தது சரி. அவர் பிள்ளைக்கு இல்லையே?

அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஊர் வீட்டை விற்றால்தான் அங்கே கடனை அடைக்க முடியும். "அவரு ஆசைப்பட்டுச் சேத்தாரு. எனக்கு ஒரு ஆசையும் இல்ல. நான் எதுக்கு இத வச்சுக் காவல் காக்கணும்?" இதில் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை. ஆசையை எழுதி வைத்துவிட்டுப் போக முடியாது. பொருளைத்தான் எழுதி வைக்க முடியும்.

தனியார் சேகரிப்பின் உண்மையான சோதனை, சேர்த்தவர் இறந்த மறுநாள் தொடங்குகிறது. ரோஜா முத்தையா 1992இல் இறந்தார். அந்தப் புத்தகங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பகீரென்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. வாங்கியவர்கள் அதைக் கப்பலில் ஏற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்து, நுண்படம் எடுத்துப் பாதுகாத்தார்கள். ஒரு தனிமனிதரின் உழைப்பு, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பணம், உள்ளூர் ஆட்களின் அக்கறை மூன்றும் சரியான வருடத்தில் சந்தித்தன. இது நடந்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ஒரு ஏற்பாடாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. அதே செட்டிநாட்டில் எத்தனை வீடுகள் கதவாகவும் தூணாகவும் பீங்கானாகவும் பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன என்று அந்தத் தெருவில் ஒரு நாள் நடந்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கதவைப் பார்த்து "இது எந்த வீடு" என்று கேட்டால் பெரும்பாலும் விலையைத்தான் சொல்வார்கள்.

இதைவிட மோசமான பக்கமும் ஒன்று உண்டு. ஆசைப்படுகிறவர் இருக்கிறார் என்பதாலேயே திருடுகிறவர் உருவாகிறார். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. வாங்கியது தனியார் இல்லை, ஒரு நாட்டின் பொது நிறுவனம். விற்ற வியாபாரி காட்டிய காகிதங்கள் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அந்தக் கோயிலில் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தான் கடைசியில் சாட்சி சொல்லின. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. ஆக, திருட்டுப் பொருள் விஷயத்தில் தனியாரும் பொதுவும் ஒரே படியில்தான் நிற்கிறார்கள்.

என் பெரியப்பா திருடர் இல்லை. ஆனாலும் அவர் செய்ததில் ஒரு குறை இருந்தது. ஒரு ஓட்டை மண்ணிலிருந்து எடுத்த கணத்தில் அது எதற்குப் பக்கத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடுகிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம், மண்ணுக்குள் மறைந்திருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் சில வகைப் பழம்பொருட்களைத் தனியார் வைத்திருந்தால் பதிவு செய்யச் சொல்கிறது. வாத்தியாராக இருந்தவர்தான், சட்டம் தெரியாதவர் இல்லை. "மேல கெடந்ததத்தான் எடுத்தேன், தோண்டல" என்பார். அது ஓரளவுக்கு உண்மை. ஓரளவுக்குத்தான்.

*

சரி, அருங்காட்சியகம்?

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்வோம். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899இலிருந்து அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். கிடைத்தவை சென்னை எழும்பூருக்குப் போயின. 1915இல் ரீயின் பட்டியல் புத்தகமாக வந்தது. தாமிரபரணிக் கரையில் இருந்தவர்கள் தங்கள் பாட்டன் பூட்டனின் தாழிகளைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டர் போக வேண்டும், அல்லது கடல் தாண்டிப் போக வேண்டும். அந்த ஊரிலேயே களத்திலேயே பார்ப்பதற்கு ஏற்பாடு செய்ய 2023 வரை ஆனது. அதே ஆண்டுதான் கீழடிப் பொருட்களுக்கும் கொந்தகையில் அருங்காட்சியகம் திறந்தார்கள். கீழடியில் கூட்டம் கூட்டமாகப் பள்ளிப் பிள்ளைகள் வருவதை நான் பார்த்தேன். ஒரு பையன் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பானை ஓட்டைப் பார்த்துவிட்டு, "எங்க காட்டுலயும் இது கெடக்கு சார்" என்றான். ஆசிரியர் "சத்தம் போடாத" என்றார். அந்தப் பையன் சொன்னதுதான் அன்றைக்கு அங்கே சொல்லப்பட்டதில் முக்கியமான வாக்கியம் என்று எனக்குத் தோன்றியது.

பொது நிறுவனத்தின் பலம் அதுதான். சாகாது, யார் வீட்டுக் கடனுக்காகவும் விற்காது, கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். ஏட்டில் இருக்கிற பலம் இது. நடப்பில் அதுவும் சாகும். 1981 ஜூன் முதல் நாள் இரவோடிரவாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நாம் மறக்கக் கூடாது. ஏறத்தாழ தொண்ணூற்றேழாயிரம் நூல்கள், கிடைத்தற்கரிய சுவடிகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்ததால் ஒரே நெருப்பில் போயின. எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்ப்பது காவலுக்கு வசதி, எரிக்க நினைப்பவனுக்கும் வசதி. 2018 செப்டம்பரில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்ததற்கு எதிரி யாரும் தேவைப்படவில்லை. கவனக்குறைவும் நிதிப் பற்றாக்குறையும் போதுமானவையாக இருந்தன.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. சுமார் இரண்டாயிரம் பொருட்கள் திருடப்பட்டோ சேதமாகியோ காணாமல் போயோ இருக்கின்றன என்பது 2023 ஆகஸ்டில் வெளியே வந்தது. சில பொருட்கள் இணைய ஏலத்தில் விலைக்கு வந்திருக்கின்றன. அதைக் கண்டுபிடித்து 2021இலேயே எழுதிச் சொன்னவர் ஒரு தனியார் பழம்பொருள் வியாபாரி. அவர் சொன்னதை நிறுவனம் முதலில் ஏற்கவில்லை. இவ்வளவு நாள் ஏன் தெரியவில்லை என்றால், காணாமல் போனவற்றில் பல முறையாகப் பட்டியலிடப்படாதவை. பட்டியலில் இல்லாத பொருள் காணாமல் போனால், போனது என்று யார் சொல்வது?

அதைப் படித்தபோது எனக்கு அந்த ரசீதுதான் ஞாபகம் வந்தது. "1 பை." ஒரு பை இருந்த இடத்தில் வேறு ஒரு பையை வைத்தாலும் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

*

இந்த இரண்டு பேரையும் தவிர மூன்றாவதாக ஒரு காவல்காரரும் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் அவரை எல்லோருக்கும் தெரியும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கோவிலாங்குளத்தில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் சமணர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் சிலைக்கு எண்ணெய் பூசவும் பூப்போடவும் ஆட்கள் இருந்துகொண்டே இருந்தார்கள். பெயர் மாறியது, கும்பிடு நிற்கவில்லை. கண்மாய்க் கரைகளில் நடுகற்கள் வேறு வேறு சாமிகளின் பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கல்லை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருப்பதற்குக் காரணம் சட்டம் இல்லை, பயம். திருச்சுழியில் ரமணர் பிறந்த வீடு இன்றும் நல்லபடியாக இருக்கிறது என்றால், அங்கே தினமும் விளக்கு ஏற்றுகிறார்கள் என்பதும் ஒரு காரணம். விளக்கு ஏற்றப் போகிறவர் ஓடு உடைந்திருந்தால் பார்த்துவிடுவார்.

ஆனால் பக்தியையும் முழுசாக நம்பிவிட முடியாது. திருப்பணி என்ற பெயரில் மணலை வேகமாகப் பீய்ச்சியடித்துக் கல்வெட்டு எழுத்தைத் தேய்த்தது பக்திதான். சுவரில் எழுத்து இருப்பது தெரியாமல் பெயிண்ட் அடிப்பதும், புது மண்டபத்துக்குப் பழைய கல்லைப் புரட்டிப் படிக்கட்டு போடுவதும் பக்திதான். திருச்சுழிக்குப் பக்கத்தில் பள்ளிமடத்தில் பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. அவற்றைப் படியெடுத்து அச்சில் ஏற்றியது அரசுத் துறை. கும்பிட வந்தவர்களுக்கு அது கோடு போட்ட கல்.

பத்தூர் நடராசர் வழக்கையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1976இல் மண்ணுக்குள் இருந்து கிடைத்த சிலை, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. பழுதுபார்க்கக் கொடுத்திருந்த இடத்தில் போலீசார் அதைக் கைப்பற்றினார்கள். கனடா நாட்டு நிறுவனம் ஒன்று, நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கினேன் என்றது. எதிர்த் தரப்பில் கோயிலும் ஒரு கட்சிக்காரர். சிலையில் ஒட்டியிருந்த மண்கூட ஆராயப்பட்டது. 1988இல் தீர்ப்பு வந்தது, 1991இல் சிலை ஊர் திரும்பியது. இடிந்துபோன ஒரு சிற்றூர்க் கோயிலுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று லண்டன் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். ஆனால் இப்படி மீட்கப்படுகிற சாமிகளில் பலவும் பழைய கருவறைக்குப் போவதில்லை. பாதுகாப்பு மையத்துக்குப் போகின்றன. ஸ்ரீபுரந்தான் நடராசரும் கும்பகோணம் மையத்துக்குத்தான் போனார். வரிசையாக, எண் கட்டி, பூட்டுக்குள் நிற்கிறார்கள். காவல் பலமாக இருக்கிறது. காவலுக்கு உள்ளே இருப்பவர் கைதி மாதிரி இருக்கிறார்.

*

மூன்று பேரிடமும் குறை இருக்கிறது என்றால் எதை வைத்துத் தீர்மானிப்பது?

எனக்கு விடை எங்கள் கண்மாயிலிருந்து கிடைத்தது. இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது அவர் கையில். தண்ணீர் அவருடையது இல்லை. பல ஊர்களில் அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இருக்காது. அறுவடையில் களத்துமேட்டில் அவர் பங்கு தானியத்தை அளந்து கொடுப்பார்கள். தப்பு செய்தால் அதே களத்தில் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பார்கள். கிணற்றுக்காரரை யாரும் கேட்க முடியாது, கிணறு அவர் சொந்தம். கண்மாய் அரசாங்கத்துக்குப் போன பிறகு அங்கேயும் யாரைக் கேட்பது என்று தெரியாமல் போனது. நீர்பாய்ச்சி மட்டும்தான் நாம் வாசலில் போய் நின்று கேட்கக் கூடிய ஆள்.

அறங்காவலர் என்று தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது. பொருளைக் காப்பவர் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்தப் பொருள் எதற்காக விடப்பட்டதோ அந்த அறத்தைக் காப்பவர். அவருக்கு இரண்டு தகுதி வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்று, அக்கறை. இரண்டாவது, கேட்டால் பதில் சொல்லும் கடமை. தனியார் சேகரிப்பாளரிடம் முதலாவது நிறைய இருக்கும், இரண்டாவது இருக்காது. அருங்காட்சியகத்துக்கு இரண்டாவது சட்டப்படி உண்டு, முதலாவது அந்த நாற்காலியில் அந்த வருடம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கயிறு பட்டியல்தான். எது, எங்கே, எப்போது, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எழுதிவைத்த காகிதம். பட்டியல் இருந்தால்தான் கேள்வியே கேட்க முடியும்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியை எடுத்தவர். நிலவியல் துறை உத்தியோகத்தோடு கூடவே வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அவர் 1912இல் இறந்த பிறகு, அவர் எழுதிய விரிவான பட்டியல் 1914இலும் 1916இலும் இரண்டு பகுதிகளாக வெளிவந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போன இடங்களுக்குப் போகிறார்கள். சேர்த்தவரும் போய்விட்டார், வாங்கிய அரசாங்கமும் போய்விட்டது. பட்டியல் வேலை செய்துகொண்டிருக்கிறது. பெரியப்பா கொண்டுபோன நான்கு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தவர், தெரியாமல், பொருளை வாங்கிக்கொண்டு சேகரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

அன்றிரவு நோட்டுகளைப் படித்தேன். முத்துமுத்தான வாத்தியார் கையெழுத்து. "எண் 88. சங்கு வளையல் துண்டு 3. ஊருணிக்குத் தெற்கே, பனைமரத்திலிருந்து நாற்பது அடி. மழைக்கு மறுநாள்." இப்படி அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள். நான் கூடப் போன நாட்களில் என் பெயரும் இருக்கிறது. "தம்பி மகன் எடுத்தான்" என்று.

எண் 212க்கு வந்தேன். "சிவப்புக் கல்மணி 1. குண்டாற்று மேட்டுப் புஞ்சை. தம்பி மகன் எடுத்தான்." அதற்கு நேரே, வேறு மையில், "பெட்டியில் இல்லை" என்று எழுதியிருந்தார்.

அந்த மணி என்னிடம்தான் இருக்கிறது. பதினோரு வயதில், நான் எடுத்ததுதானே என்று ஒரு நாள் பாட்டிலைத் திறந்து எடுத்து வைத்துக்கொண்டேன். படித்த ஊர், வேலை பார்த்த ஊர் எல்லாவற்றுக்கும் கூட வந்தது. இப்போது மதுரையில் என் மேஜை டிராயரில் ஒரு பஞ்சுப் பொதியில் இருக்கிறது. அதை நான் நேசித்தது உண்மை. முப்பத்தைந்து வருடமாக யாருக்கும் காட்டவில்லை என்பதும் உண்மை. தனியார் சேகரிப்பாளரைப் பற்றி அவ்வளவு நேரம் நியாயம் பேசியவன், நானும் ஒரு சேகரிப்பாளன்தான் என்பதை வசதியாக மறந்திருந்தேன். பெரியப்பா என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் எழுதி வைத்திருந்தார்.

மறுநாள் அண்ணனிடம் பேசினேன். அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்வது சுலபம் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்படி ஏற்பாடு செய்துகொண்டோம். காசுகளில் பாதிக்கு மேல், பெரியப்பா பாத்திரக் கடைகளில் சம்பளத்தில் வாங்கிய வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய்கள். அவற்றுக்கு நோட்டில் இடம் எதுவும் குறிக்கவில்லை. எண்ணற்ற பேரிடம் இருக்கிற காசு. அதை அண்ணன் விற்றுக்கொள்ளட்டும், பிள்ளையின் படிப்புக்கு ஆகும். எந்தெந்தப் பொருளுக்கு நோட்டில் இடம் எழுதியிருக்கிறதோ அது எதையும் பிரிக்கக் கூடாது, நோட்டோடு சேர்ந்துதான் போக வேண்டும். ஓட்டாஞ்சில்லு உட்பட.

இரண்டு மாதம் சனி, ஞாயிறுகளில் அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். ஒவ்வொன்றையும் அளவுகோலோடு படம் எடுத்து, நோட்டு எண்ணோடு பொருத்தித் தட்டச்சு செய்தேன். ஏட்டுக் கட்டுகளையும் ஓலை ஓலையாகப் படம் எடுத்தாயிற்று. பட்டியல் மூன்று பிரதி. ஒன்று பொருளோடு, ஒன்று என்னிடம், ஒன்று பெரியப்பா கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு. ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் கடிதம் எழுதியிருக்கிறோம். வாங்குகிறவர்கள் "3 பெட்டி" என்று ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ள மாட்டோம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி வாசலைத் தாண்டும். இதை அண்ணன்தான் சொன்னார். ஆசையே இல்லை என்றவர்.

இதனால் எல்லாம் பத்திரமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு கிடங்கில் செல் அரிக்கலாம், கூரை ஒழுகலாம். ஆனால் அடுத்த முறை ஒருவர் போய் "எண் 88 எங்கே?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒருவர் போய்க் கேட்பார் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

போன வாரம் மணியைக் கொண்டுபோய் பாட்டிலில் போட்டேன். தட்டச்சுப் பட்டியலில் 212க்கு நேரே, எடுத்தவன் பெயர், வைத்திருந்தவன் பெயர், திரும்ப வந்த தேதி மூன்றையும் சேர்த்தேன். முதல் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான்.